'மனம்போல வாழ்வு' – ஒரு மதிப்பீடு

அறிஞரின் கவனத்தைப் பெறாமலே மக்களின் மனத்தை ஆளும் நூல்கள் சில உண்டு. இலக்கிய வரலாறுகளில் அவற்றுக்கு ஒரு வரிதானும் கிடைப்பதில்லை. ஆயினும், பரிசளிப்பு விழாக்களில் மாணவர் கையிற் கொடுக்கப்படுவனவும், பத்திரிகைகளின் மூலைகளிற் பொன்மொழிகளாகத் துண்டாடப்படுவனவும், மூலம் எதுவென்று அறியாமலே ஆசிரியர் தம் அறிவுரைகளில் எடுத்தாள்வனவும் அத்தகைய நூல்களே. ஜேம்ஸ் அலன் என்னும் ஆங்கிலேயர் 1903ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறு நூல் இவ்வகையினது. அதனை 'மனம்போல வாழ்வு' என்ற பெயரில் தமிழாக்கியவர் வ. உ. சிதம்பரம்பிள்ளை. மனிதனின் எண்ணங்களே அவனது உணர்ச்சிகளையும் தெரிவுகளையும், ஈற்றில் அவனது வாழ்வு முழுவதையும் ஆக்குகின்றன என்பது அந்நூலின் சாரம்.

இக்கருத்து இன்று முன்னெப்போதையும்விடப் பரவலாக விலைப்படுகின்றது. தன்னம்பிக்கை நூல்களும், மனவலிமைப் பயிற்சி வகுப்புகளும், பாடசாலை மண்டபங்களில் நிகழும் ஊக்கச் சொற்பொழிவுகளும் இதனையே வெவ்வேறு உடைகளில் நிறுத்துகின்றன. இதனை எதிர்கொள்வதில் நம்மிடையே இரு வழக்கங்கள் உள. ஒரு சாரார் இதனை வேதவாக்காக ஏற்கின்றனர். மற்றொரு சாரார், முற்போக்காளர் எனத் தம்மைக் கருதுவோர், முதலாளித்துவத்தின் தாலாட்டு என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகின்றனர். இரண்டுமே சிந்திக்கும் உழைப்பைத் தவிர்க்கும் வழிகள்.

ஒதுக்கிவிடுவோருக்கு ஒரு கேள்வி உண்டு. 1908ஆம் ஆண்டு தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தைத் தலைமை தாங்கி நடத்திய ஒருவர், அந்நிய ஏகாதிபத்தியத்தின் கப்பல் ஏகபோகத்தை எதிர்த்துக் கப்பல் ஓட்டிய ஒருவர், சிறையிற் செக்கிழுத்த ஒருவர், இந்நூலைத் தமிழாக்கத் தகுந்ததெனக் கருதியது ஏன்? ஏற்றுக்கொள்வோருக்கும் ஒரு கேள்வி உண்டு. அந்த மொழிபெயர்ப்பாளரின் வாழ்வு, நூல் கூறும் விதிக்கு அமைந்ததா? இவ்விரு கேள்விகளையும் சேர்த்து நோக்கும்போதே நூலின் உண்மையும் பொய்யும் பிரிந்து தெரிகின்றன.

முதலில் நூலுக்கு நியாயம் செய்வோம். அலன் எளிமையாக எழுதுபவர். மனத்தை அவர் ஒரு தோட்டத்துக்கு ஒப்பிடுகின்றார். பண்படுத்தினாலும் படுத்தாவிட்டாலும் அதில் ஏதோ ஒன்று முளைத்தே தீரும். பயிரிடாவிட்டாற் களை முளைக்கும். ஆகவே எண்ணங்களை ஆராய்ந்து தெரிந்தெடுத்தல் மனிதனின் கடமை என்கிறார். பின்னர், சூழ்நிலையும் எண்ணத்தின் விளைவே என்று நிறுவ மூவரைக் காட்டுகின்றார். ஒருவன் வறியவன், வேலையில் ஏய்த்துக்கொண்டே தன் நிலை உயரவேண்டுமென விரும்புகின்றான். மற்றவன் செல்வன், பெருந்தீனியால் நோயுற்று, தீனியைக் குறைக்காமல் நோய்மட்டும் நீங்கவேண்டுமெனப் பணத்தை இறைக்கின்றான். மூன்றாமவன் முதலாளி, இலாபத்துக்காகக் கூலியைக் குறைத்து, ஈற்றில் வங்குரோத்து அடைகின்றான். மூவருமே தம் நிலைக்குத் தாமே காரணர் என்பது அலனின் முடிவு.

இந்நூல் தமிழ் வாசகனுக்கு அந்நியமாகத் தோன்றாதது வியப்பன்று. ஊக்கமுடைமையையும் ஆள்வினையுடைமையையும் வள்ளுவரிடம் பயின்றவனுக்கு உள்ளத்தின் உயர்வே மனிதனின் உயர்வு என்னும் கருத்து ஏற்கெனவே பழக்கமானது. ஆயின் வள்ளுவர் அத்துடன் நின்றுவிடவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். நல்குரவையும் கொடுங்கோன்மையையும் தனித்தனி அதிகாரங்களிற் பாடிய அவர், கொடுங்கோலின்கீழ் வாடும் குடிகளை நோக்கி உங்கள் எண்ணத்தின் விளைவு இது என்று சொல்லவில்லை. இரந்தே உயிர்வாழவேண்டிய நிலை ஒருவனுக்கு விதிக்கப்பட்டதாயின், விதித்தவனே கெட்டொழியட்டும் என்னும் அளவுக்கு அவரது சினம் எழுகின்றது. அலனிடம் அச்சினம் இல்லை.

இனி, நூலின் உண்மையைப் பார்ப்போம். எண்ணம் உணர்ச்சியை உருவாக்குகின்றது என்பது வெறும் போதனையன்று. அது மனித மனத்தின் இயக்கம் பற்றிய உண்மை. ஒரே அறையை இருவர் வாங்குகின்றனர் என்று கொள்வோம். தனக்கு இது தகும் என எண்ணுபவன் நாணுகின்றான். இது அநீதி என எண்ணுபவன் சினக்கின்றான். கன்னத்தில் எழும் நோவு இருவருக்கும் ஒன்றே. நாணியவன் தலைகுனிந்து செல்கின்றான். சினந்தவன் நின்று காரணம் கேட்கின்றான். அடிக்கும் செயலுக்கும் அதற்கு எழும் உணர்ச்சிக்கும் இடையில் ஒரு தீர்ப்பு நிற்கின்றது. அத்தீர்ப்பே எண்ணம். அது மாறினால் உணர்ச்சி மாறும். உணர்ச்சி மாறினாற் செயல் மாறும்.

கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் அடிமையாயிருந்து பின்னர் தத்துவ ஆசிரியனான எபிக்டெட்டஸ், மனிதரைக் கலக்குவன நிகழ்ச்சிகளல்ல, நிகழ்ச்சிகளைப் பற்றி அவர்கள் கொள்ளும் கருத்துகளே என்று கற்பித்தான். நம் தொல்காப்பியரும் வேறொரு வழியால் இவ்வுண்மையை நெருங்கியுள்ளார். மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறும் அவர், ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு நிலைக்களன்களை வகுக்கின்றார். உணர்ச்சி காரணமற்ற பொங்குதல் அன்று, அதற்கு ஒரு களன் உண்டு என்பது இதன் உட்கிடை. அந்தக் களன்கள் எவை என்று நோக்குக. அழுகைக்குக் காரணமாவன: பிறரால் இகழப்படுதல், உரியதை இழத்தல், பழைய நிலையிலிருந்து தளர்தல், வறுமை. வெகுளிக்குக் காரணமாவன: உறுப்பு அறுக்கப்படுதல், குடி நலியப்படுதல், அலைக்கப்படுதல், கொலை. அச்சத்தின் காரணங்களுள் விலங்கோடும் கள்வரோடும் சேர்த்து, தம்மை ஆள்பவரையும் அவர் வைக்கின்றார். இவற்றுட் பெரும்பாலானவை மனிதன் மனிதனுக்குச் செய்வன. உணர்ச்சியின் வேரைத் தனிமனத்திற்குள் மட்டும் தேடாமல் மனிதர்க்கிடையே உள்ள உறவிலும் தேடிய நோக்கு இது. சிறைமீண்ட பிற்காலத்திற் சிதம்பரம்பிள்ளை இளம்பூரணர் உரையோடு தொல்காப்பியத்தைப் பதிப்பிக்கும் பணியில் உழைத்தார் என்பதை இங்கு நினைத்தல் தகும். அலனையும் தொல்காப்பியரையும் ஒருவரே தமிழுலகுக்குத் தந்தார். இருவரையும் அருகருகே வைத்து நாம் படிக்கவில்லை.

அண்மைக்கால உளவியலும் இவ்வுண்மைக்குச் சான்று பகர்கின்றது. 1950களில் அமெரிக்காவில் அல்பேட் எலிசும், 1960களில் ஆரன் பெக்கும் வகுத்த சிகிச்சை முறைகள் இந்த அடிப்படையில் எழுந்தவை. மனச்சோர்வுற்றவர்களின் உள்ளத்தில், நான் பயனற்றவன், இனி நன்மை எதுவும் வாராது என்பன போன்ற எண்ணங்கள் தாமாகவே ஓடிக்கொண்டிருப்பதைப் பெக் கண்டார். அவற்றை வெளிக்கொணர்ந்து, சான்றுகளோடு ஒப்பிட்டு ஆராயும்போது சோர்வு தணிவதையும் கண்டார். பின்னர் நடைபெற்ற பல ஆய்வுகள் இம்முறையின் பயனை உறுதிப்படுத்தின.

ஆயின் ஒரு வேறுபாட்டை ஊன்றிக் கவனிக்கவேண்டும். இனிய எண்ணத்தை எண்ணு என்று பெக் கூறவில்லை. எண்ணம் உண்மையா என்று சோதித்துப் பார் என்றே கூறினார். இவ்விரண்டிற்கும் உள்ள தூரம் சிறிதன்று. நான் பயனற்றவன் என்னும் எண்ணம் சோதனையிற் பொய்யாகலாம். அப்போது துயரம் தணியவேண்டியதே. என் கூலி என் குடும்பத்துக்குப் போதவில்லை என்னும் எண்ணம் சோதனையில் உண்மையாகலாம். அப்போது மாற்றப்படவேண்டியது எண்ணமா, கூலியா? தன்னம்பிக்கை நூல்கள் இக்கேள்வியை எழுப்புவதேயில்லை. எல்லா எண்ணங்களையும் நல்லன, தீயன என்று பிரிக்கும் அவை, மெய்யானவை, பொய்யானவை என்று பிரிப்பதில்லை. மனக்கசப்பு தீது, சினம் தீது, குறைகூறல் தீது என்று பட்டியலிடுகின்றன. நியாயமான சினம் என ஒன்று அவற்றின் அகராதியில் இல்லை.

அலனின் தவறும் இங்கேயே தொடங்குகின்றது. எண்ணம் உணர்ச்சியை ஆக்கும் என்பது ஒரு கூற்று. எண்ணம் தெரிவை ஆக்கும் என்பது அதன் தொடர்ச்சி. எண்ணம் சூழ்நிலையை ஆக்கும் என்பது முற்றிலும் வேறொரு கூற்று. முதல் இரண்டின் உண்மையைக் காட்டி, மூன்றாவதையும் வாசகனின் கையிற் சேர்த்துவிடுகின்றார் அலன். அம்மூன்று உதாரணங்களையும் மீண்டும் நோக்குவோம். வறியவன் ஏய்ப்பவன், செல்வன் பெருந்தீனிக்காரன், முதலாளி பேராசைக்காரன். தீர்ப்புக்கு ஏற்ற சாட்சிகளையே அவர் தெரிந்தெடுத்துள்ளார். நாள் முழுவதும் நேர்மையாக உழைத்தும் வறியவனாயிருப்பவன் அங்கு இல்லை. கூலியைக் குறைத்து மேலும் செல்வனானவனும் இல்லை. உலகில் எண்ணிக்கையில் மிகுந்த அந்த முதலாமவனையும், செல்வாக்கில் மிகுந்த அந்த இரண்டாமவனையும் விலக்கிவிட்டு வகுத்த விதி எங்ஙனம் விதியாகும்?

ஒடுக்குபவனும் ஒடுக்கப்படுபவனும் அறியாமையிற் கூட்டாளிகள் என்றும் அலன் ஓரிடத்தில் எழுதுகின்றார். இருவரும் துன்புறுகின்றனர், ஆகவே எவரையும் குற்றஞ்சாட்டலாகாது என்பது அவர் கருத்து. இரக்கத்தின் குரலிற் பேசப்படுவதால் இக்கூற்றின் கொடுமை உடனே புலப்படுவதில்லை. உதைக்கும் காலும் உதைபடும் முதுகும் ஒரே வேலையிற் பங்காளிகள் என்பதே இதன் பொருள்.

இவ்விதியை மறுக்க நாம் வேறெங்கும் செல்லவேண்டியதில்லை. நூலாசிரியரின் வாழ்வே போதும். அலன் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 1864ஆம் ஆண்டு தொழிலாளர் குடும்பமொன்றிற் பிறந்தவர். தந்தை ஆலைப் பின்னல் தொழிலாளி, தாய் எழுத்தறியாதவர். 1879ஆம் ஆண்டளவில் அப்பகுதியின் நெசவுத் தொழில் நலிந்தது. வேலை தேடித் தனியே அமெரிக்கா சென்ற தந்தை, நியூயோர்க்கில் இறங்கிய இரு நாட்களுக்குள் இறந்தார். கொள்ளையர் கொன்றனர் என நம்பப்பட்டது. 15 வயதுச் சிறுவன் பள்ளியை விட்டு வேலைக்குப் போனான். நெசவுத் தொழிலின் வீழ்ச்சி எந்தப் பின்னல் தொழிலாளியின் எண்ணத்தில் முளைத்த களை? தந்தையற்ற சிறுவனின் பட்டினி எந்தத் தீய சிந்தனையின் அறுவடை? தான் வகுத்த விதியைத் தன் தந்தையின் கல்லறைமீது எழுத அலன் துணிந்திருப்பாரோ என்று கேட்பதற்கு வாசகனுக்கு உரிமை உண்டு.

சூழ்நிலை எண்ணத்தை எவ்வாறு தாக்குகின்றது என்பதற்கு இந்நூற்றாண்டின் ஆய்வொன்று தமிழ்நாட்டு வயல்களிலிருந்தே சான்று தருகின்றது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஷாவோ ஆகியோர் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அது. கரும்புப் பயிர்ச்செய்கையாளருக்கு ஆண்டில் ஒருமுறை, அறுவடையின் பின்னரே பணம் கிடைக்கும். அறுவடைக்கு முன் கையிற் காசின்றிக் கடனோடு தவிக்கும் காலத்திலும், பணம் கிடைத்த பின்னரும் அதே விவசாயிகளுக்குச் சிந்தனைத் திறனைச் சோதிக்கும் பயிற்சிகள் கொடுக்கப்பட்டன. அறுவடைக்கு முன்னர் அவர்கள் குறைந்த திறனையே காட்டினர். மனிதர் அவர்களே, மூளையும் அதுவே. இடையில் மாறியது அவர்களது கைப்பணம். வறுமையின் கவலை சிந்தனையின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது என ஆய்வாளர் விளக்கினர். எண்ணத்தின் தோட்டத்துக்கும் நீர் வேண்டும். அந்நீர் எங்கிருந்து வருகின்றது என்று அலன் கேட்கவில்லை.

இனி மொழிபெயர்ப்பாளரின் வாழ்வுக்கு வருவோம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கப்பற் போக்குவரத்து ஆங்கிலேயக் கம்பனியின் பிடியில் இருந்த காலம். 1906ஆம் ஆண்டு சிதம்பரம்பிள்ளை சுதேசிக் கப்பற் கம்பனியை நிறுவினார். பங்கு ஒன்றின் விலை 25 ரூபா. மொத்த மூலதனம் 10 இலட்சமாகத் திட்டமிடப்பட்டது. கடலில் ஓடும் கப்பல் வெள்ளையனுக்கே உரியது என்பது அதுவரை எவரும் வாயாற் சொல்லாத, எல்லோரும் நம்பிய எண்ணம். அந்த எண்ணம் உடைந்தபோது, சிறு பணம் படைத்தோரும் பங்கு வாங்கினர். ஆங்கிலேயக் கம்பனி கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டபோதும், சுதேசிக் கப்பலில் ஏறிய பயணிகள் இருந்தனர். குறைந்த கட்டணத்தை விட்டுக் கூடிய கட்டணத்தைத் தெரிந்தெடுக்கச் செய்தது எது? இது எங்கள் கப்பல் என்னும் எண்ணமும் அதிலிருந்து பிறந்த பெருமிதமுமே. எண்ணம் உணர்ச்சியையும் உணர்ச்சி தெரிவையும் ஆக்கும் என்பதற்கு இதனைவிடத் தெளிவான உதாரணம் அலனின் நூலில் இல்லை.

கோரல் ஆலையிலும் இதுவே நிகழ்ந்தது. 1908 பெப்ரவரி இறுதியில் அங்கு வேலைநிறுத்தம் தொடங்கியது. குறைந்த கூலி, நீண்ட வேலைநேரம், வார ஓய்வின்மை ஆகியவை ஆலை தொடங்கிய நாளிலிருந்தே இருந்தவை. அவற்றின் நோவும் அன்றிலிருந்தே இருந்தது. சிதம்பரம்பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கடற்கரைக் கூட்டங்களிற் பேசியபின் மாறியது, அந்த நோவுக்கு அளிக்கப்பட்ட விளக்கம். தலைவிதி என்று கருதப்பட்டது, ஆலை நிர்வாகத்தின் தீர்மானம் எனக் காணப்பட்டது. விதியின்முன் மனிதன் பெருமூச்சு விடுகின்றான். தீர்மானத்தின்முன் கோரிக்கை வைக்கின்றான். தொழிலாளரின் சோர்வு சினமாயிற்று; சினம் ஒழுங்கமைந்த மறுப்பாயிற்று. நகரமக்கள் ஆதரவு தந்தனர். வேலைநிறுத்தத்தை எதிர்த்துப் பேசிய ஒரு பிரமுகருக்கு முகச்சவரம் செய்ய நாவிதர் மறுத்தார் என்று கூறுவர். ஏறத்தாழ ஒன்பது நாட்களின் பின் நிர்வாகம் இறங்கிவந்து, கூலி உயர்வுக்கும் ஞாயிறு விடுமுறைக்கும் உடன்பட்டது.

ஆனால் இங்கு இரு செய்திகளைப் பிரித்துணர வேண்டும். முதலாவது, அந்த எண்ண மாற்றம் தனியறையிற் கண்மூடியிருந்து பெற்றதன்று. கூட்டத்தில், விவாதத்தில், ஒருவரையொருவர் கண்டு, நமக்கு நேர்வது எல்லோர்க்கும் நேர்கின்றது என்று அறிந்தபோது பிறந்தது. இரண்டாவது, எண்ணம் மாறியதாற் கூலி உயரவில்லை. எண்ணம் மாறியவர்கள் ஒன்றுகூடி வேலையை நிறுத்தியதாற் கூலி உயர்ந்தது. எண்ணத்துக்கும் சூழ்நிலைக்கும் நடுவே செயல் என்னும் பாலம் உண்டு. அலன் அப்பாலத்தைக் காணாமல் மறுகரையைத் தொட்டுவிட முயல்கின்றார்.

அடுத்து நிகழ்ந்தவையும் விதியைப் பொய்யாக்கின. 1908 மார்ச் மாதத்தில் சிதம்பரம்பிள்ளை கைதானார். திருநெல்வேலியில் எழுந்த கிளர்ச்சியிற் பொலிசாரின் துப்பாக்கிச்சூட்டில் நால்வர் இறந்தனர். யூலை மாதம் அவருக்கு இரட்டை ஆயுட்தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. கோயம்புத்தூர்ச் சிறையில் அவர் செக்கிழுத்தார். அவர் உள்ளே இருக்கையிலேயே, 1911ஆம் ஆண்டிற் கப்பற் கம்பனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் விடுதலையானபோது வழக்கறிஞர் தொழில்புரியும் உரிமையும் இல்லை, வறுமை சூழ்ந்தது. இவரது எண்ணம் தாழ்ந்ததால் வாழ்வு தாழ்ந்தது என்று சொல்ல எவர் நா எழும்? அவரது எண்ணம் உயர்ந்திருந்ததே அவருக்கு நேர்ந்த துன்பத்தின் காரணம். மனம்போல வாழ்வு அமையாத மாமனிதர் ஒருவரே 'மனம்போல வாழ்வு' என்னும் நூலைத் தமிழில் எழுதினார்.

அவ்வாறாயின் ஏன் எழுதினார்? மொழிபெயர்ப்பு வேலை அவரது சிறைவாசத்தோடு தொடர்புடையது. சிறை என்பது ஒருவனிடமிருந்து செயலின் வாயில்கள் அனைத்தையும் அடைக்கும் இடம். உடல் செக்கில் பூட்டப்பட்டிருக்கும்போது, எண்ணம் ஒன்றே பூட்டப்படாதது. அந்நிலையில், உன் மனம் உன் வசம் என்னும் கூற்று அடங்கிப்போகும்படி உபதேசிப்பதன்று. உடைந்துபோகாதே என்னும் கட்டளை. எபிக்டெட்டஸின் போதனை அடிமைக்குத் தந்ததும் அதுவே. ஆனால் அதே தத்துவத்தை அடுத்த நூற்றாண்டிற் பேரரசன் மார்க்கஸ் ஒரேலியஸும் தழுவிக்கொண்டான் என்பதை மறத்தலாகாது. அடிமைக்கும் பேரரசனுக்கும் ஒருங்கே உகந்த தத்துவம், அடிமைத்தனத்தைத் தொடாமல் விட்ட தத்துவம். ஒரே வாக்கியம், சொல்லப்படும் இடத்தையும் சொல்பவனையும் பொறுத்து வேறுபொருள் பெறுகின்றது. சிறையிலிருப்பவன் தனக்குத்தானே சொல்லும்போது அது வீரம். சிறைக்காவலன் கைதிக்குச் சொல்லும்போது அது இகழ்ச்சி. ஆலை முதலாளி தொழிலாளிக்குச் சொல்லும்போது அது வியாபாரம்.

நம் நாட்டின் மலையகத்தை நினைப்போம். தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்த தொழிலாளி, தோட்டத்திற் கால்வைக்கும்போதே கடனாளியாக இருந்தான். பயணச்செலவும் முற்பணமும் அவன் கணக்கில் ஏறியிருந்தன. அக்கடனைக் குறித்த 'துண்டு' இன்றி அவன் வேறு தோட்டத்துக்குப் போகமுடியாது. 1921ஆம் ஆண்டில் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டபோதும் அது வளர்த்த எண்ணம் ஒழியவில்லை. கடன் தந்தவர் சோறு தந்தவர், கங்காணி தந்தைக்குச் சமம் என்னும் எண்ணம் நன்றியுணர்ச்சியையும் பணிவையும் வளர்த்தது. அந்த உணர்ச்சி பொய்யானதன்று. தொழிலாளி உண்மையாகவே நன்றி பாராட்டினான். அதற்கு அடியிலிருந்த எண்ணமே பொய்யானது. உழைப்பவனே தோட்டத்துக்குச் சோறுபோட்டான். தோட்டம் அவனுக்குப் போடவில்லை.

இந்த எண்ணத்தையே கோ. நடேசய்யர் தாக்கினார். 1924ஆம் ஆண்டில் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கிய அவர், 1931ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளருக்கெனச் சங்கம் அமைத்தார். கட்டுரை, துண்டுப்பிரசுரம், நாடகம் என எழுத்தின் பல வடிவங்களையும் பயன்படுத்தினார். அவரது துணைவியார் மீனாட்சி அம்மையார் பாட்டெழுதி, தொழிலாளர் கூடுமிடங்களிற் பாடினார். பட்டிக்காட்டார் விளங்கிக்கொள்ளும் மெட்டிலமைந்த அப்பாடல்கள், நன்றி என்று எண்ணியிருந்ததைக் கணக்காகக் காட்டின. கணக்கைக் கண்டவன் கேள்வி கேட்டான். நம் இலக்கிய வரலாற்றாசிரியர் நெடுங்காலம் பொருட்படுத்தாத அப்பிரசுரங்கள், எண்ணத்தை மாற்றி உணர்ச்சியை மாற்றும் இலக்கியப் பணியை நம் மண்ணிற் செய்தவை.

ஆயினும் அதே மக்களுக்கு 1948ஆம் ஆண்டில் நேர்ந்ததை நோக்குக. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. முந்தைய ஆண்டுத் தேர்தலில் வாக்களித்த கைகள் வாக்கிழந்தன. பாராளுமன்றத்திற் கைகள் உயர்ந்ததன் விளைவு அது. லயங்களில் எண்ணம் தாழ்ந்ததன் விளைவன்று. அவ்வநீதியின் எச்சத்தைத் தீர்க்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே வந்தது. இடைப்பட்ட 55 ஆண்டுகளில் அம்மக்கள் எத்தனை நல்லெண்ணம் எண்ணினும் அது கடவுச்சீட்டாக மாறியிராது.

இவ்வளவும் கூறியபின், நம்மவர் சிலரின் தவற்றையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. சூழ்நிலையே எல்லாம், எண்ணம் அதன் வெறும் நிழல் என்று பேசும் முற்போக்காளர் உண்டு. பொருளாதாரம் மாறட்டும், மனம் தானே மாறும் என்பது அவர்கள் கட்சி. இது மாக்சியமன்று. மனிதர் சூழ்நிலையால் ஆக்கப்படுகின்றனர் என்று மட்டும் கூறிய பழைய பொருள்முதல்வாதிகளை 1845ஆம் ஆண்டிலேயே மாக்ஸ் மறுத்தார். அச்சூழ்நிலையை மாற்றுவோரும் மனிதரே என்றும், பிறரைப் பயிற்றப் புகுவோரும் பயிற்சி பெறவேண்டியவரே என்றும் அவர் சுட்டினார். முசோலினியின் சிறையிற் பல்லாண்டுகள் கிடந்த கிராம்சி, ஆளும் வர்க்கத்தின் எண்ணங்கள் சாதாரண மக்களின் பொது அறிவாக எவ்வாறு குடியேறுகின்றன என்பதையே தன் குறிப்பேடுகளில் ஆராய்ந்தான். எண்ணம் வெறும் நிழலாயின், அந்த ஆராய்ச்சி எதற்கு? இத்தகைய திங்களிதழ்கள்தாம் எதற்கு?

இத்தவறு நம் படைப்பிலக்கியத்திலும் பலித்துள்ளது. கதை முழுவதும் பசியும் அடியும் அடுக்கப்படுகின்றன, கடைசிப் பக்கத்தில் தொழிலாளி திடீரென விழித்தெழுகின்றான், செங்கொடி அசைகின்றது. அவன் முன்பு என்ன எண்ணியிருந்தான், அந்த எண்ணம் எங்கே பிளந்தது, எந்தச் சொல்லால், எந்த நிகழ்ச்சியால், எத்தனை தயக்கத்தின்பின் என்று ஆசிரியர் காட்டுவதில்லை. பசி தானாகச் சினமாகும் என்று அவர் நம்புகின்றார். பசி தானாகச் சினமாவதில்லை. பசி பெரும்பாலும் பணிவாகின்றது, பொறாமையாகின்றது, அயலான்மீது வெறுப்பாகின்றது. அது எதுவாகும் என்பதைத் தீர்மானிப்பது, பசித்தவன் தன் பசிக்குக் கூறும் காரணம். அந்தக் காரணத்தின் வரலாற்றை எழுதுவதே எழுத்தாளனின் வேலை. அதனை விட்டவன் அலனைத் தலைகீழாக நிறுத்தியவன். அலனுக்குச் சூழ்நிலை தெரியவில்லை, இவனுக்கு மனம் தெரியவில்லை.

இந்த விவாதம் நூலகத்தோடு முடிவதன்று. ஆசிரியராயிருப்போர் இதனை நாள்தோறும் வகுப்பறையில் எதிர்கொள்கின்றனர். காலை உணவின்றி வந்த பிள்ளை கணக்கிற் பின்னிற்கின்றது. நீ நினைத்தால் முடியும் என்று அதற்குச் சொல்லுதல் எளிது. அச்சொல் பிள்ளையின் பசியை அதன் குற்றமாக மாற்றிவிடுகின்றது. தோற்றபின், நான் சரியாக நினைக்கவில்லை என்னும் புதிய சுமையையும் ஏற்றுகின்றது. உன் சூழ்நிலை அப்படி, உன்னால் எதுவும் ஆகாது என்று சொல்லுதலும் அதே அளவு தீங்கு. பிள்ளையின் மனத்தில் ஏற்கெனவே பதிந்திருக்கும் பொய்யான எண்ணம் ஒன்று உண்டு: எங்களுக்குப் படிப்பு வராது என்பது. அதனைச் சான்றுகாட்டி உடைப்பது ஆசிரியரின் கடமை. அதனோடு, உணவு கிடைக்காததற்குக் காரணம் நீயல்ல என்று உணர்த்துவதும், அக்காரணத்தை நீக்கப் பெற்றோரோடும் ஊராரோடும் சேர்ந்து நிற்பதும் அதே கடமையின் பகுதி.

'மனம்போல வாழ்வு' நூலை மாணவர் படிக்கலாகாது என்று நாம் கூறவில்லை. படிக்கட்டும், அதனை மொழிபெயர்த்தவரின் வரலாற்றையும் சேர்த்துப் படிக்கட்டும். ஒவ்வொரு பக்கத்திலும், இவ்வெண்ணம் இனியதா என்று கேளாமல், இது மெய்யா, இதனை எனக்குக் கற்பித்தவர் யார், இதனால் நன்மை பெறுவோர் யார் என்று கேட்கட்டும். அவ்வாறு கேட்கப் பழகிய மாணவன், தன் மனச்சோர்விற் பாதி பொய்யெண்ணத்தால் வந்தது எனக் கண்டு அதனை உதறுவான். மறுபாதி உண்மையான அநீதியால் வந்தது எனக் கண்டு, அதனை உதறத் தன் ஒருவன் கை போதாது என்றும் உணர்வான்.